அம்மாவின் கைரேகை

ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்காக அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. கருவி எதையும் எடுக்கவில்லை. "நல்லா தேய்ச்சுத் துடைச்சுட்டு வைங்க" என்றார் அங்கிருந்தவர். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்து கிடந்ததை அவர் பார்க்கவே இல்லை. "அடுத்த வாரம் வாங்க." வீடு வரும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. ராத்திரி சொன்னாள்: "நான் உசுரோட இருக்கறதை மெஷின்கூட ஒத்துக்கலடா."

பெருங்குடல் புற்றுநோய். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை: 14 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு. மூன்றாவது சுற்றில் அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். பேச்சும் நின்றது. ஓ.பி.யில் சொன்னேன். "கேன்சர்னா மனசு சோர்றது சகஜம்" என்று மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள். கையை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

நல்லவேளை, அந்த மனநல மருத்துவர் முதலில் கேட்டதே, "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா வெளிக்குப் போறீங்க?" என்பதுதான். அம்மா உடைந்து அழுதாள். ஏழெட்டு தடவை! பத்து நாளாக. "மகன்கிட்ட எப்படிங்க சொல்றது?" அதற்குப் பயந்துதான் சாப்பாட்டையே குறைத்திருக்கிறாள். ரசம் பட்டால் கை எரிகிறது. ஸ்பூனில் சாப்பிட மனம் வரவில்லை.

மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறதாம். அதைத் தொடும் மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு வயிற்றை இன்னும் இளக்கும், முதலில் இந்தப் புற்றுநோய் மாத்திரையை நிறுத்துவோம் என்று புற்றுநோய் மருத்துவருக்கு அங்கிருந்தே போன் போட்டார். கேபசிடபின் அன்றே நின்றது. உப்பு-சர்க்கரைக் கரைசல், வயிற்றுப்போக்கை நிறுத்த லோபெரமைடு மாத்திரை. பிறகு அளவைக் குறைத்து ஆரம்பித்தார்கள்.

இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து வெளிக்குப் போகும் ஒவ்வொரு தடவைக்கும் காலண்டரில் தினமும் கோடு போடுங்கள். வழக்கத்தைவிட நான்கு தடவை கூடினாலே மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போன் செய்யுங்கள், அடுத்த ஓ.பி. வரை காத்திருக்காதீர்கள். நீங்களே கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கை கால் தோல் உரிவதும் இந்த மாத்திரையால்தான். அதற்கு 10 சதவீத யூரியா கிரீமை முதல் நாளிலிருந்தே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடவுங்கள். சூடான பாத்திரம், வெந்நீர் வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் இந்த மாத்திரை சாப்பிட்ட 264 பேரிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்கே கை கால் தோல் மோசமானது, மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15. மருத்துவரிடம் கேட்டோம், எழுதிக்கொடுத்தார்.

கைரேகை அழிவதும் இந்த மாத்திரையால்தான். சிங்கப்பூர்க்காரர் ஒருவரை இதற்காகவே அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்ததாக 2009இல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லாத வழி ஒன்று உண்டு: ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினாலே போதும், வீட்டிலேயே முடியும்.

போனை நீட்டினேன். "இருடா, பொட்டு வெச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.