காதுக்குள் துடிக்கும் நாடி

போன மார்கழியில் ஒரு ராத்திரி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவே அடங்கிய பிறகு, தலையணையில் வலது காதை வைத்ததும் 'உஷ்... உஷ்...' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு மோட்டார் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன், சத்தம் நிற்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடியும் அதுவும் ஒரே தாளம்! தேவனாம்பட்டினம் கடற்கரை இரைச்சலில் மட்டும் கேட்காது, அதற்காக தினமும் அலையோரமா படுக்க முடியும்?

முதலில் பார்த்த டாக்டர் காதில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார். ஒரு மாதம் வீண். அடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், வலப்பக்கம் மெதுவாக அழுத்தினார், சத்தம் சட்டென்று நின்றது. சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ஓடும் ரத்தத்தின் ஓசையாக இருக்கலாம் என்றார். சாதாரணக் காது இரைச்சல் 'கொய்ங்' என்று விடாமல் கேட்கும். இப்படி நாடியோடு துடித்தால் ரத்த ஓட்டத்தில்தான் காரணம் தேட வேண்டுமாம். ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்தம், அபூர்வமாக மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்க் கோளாறு. கூடவே தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது என்றார்.

பயந்துகொண்டே எடுத்த எம்ஆர்ஐயில் ஒன்றுமில்லை. ரத்தசோகைதான், ஹீமோகுளோபின் வெறும் 7.8! ரத்தம் நீர்த்துப்போனால் வேகமாக ஓடும், சத்தமும் போடும்.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது. மாத்திரையோடு சேர்த்து டீ குடிக்கக் கூடாதாம், எனக்கு அதுதான் பெரிய தண்டனை. இப்போது மாடி ஏறி இறங்கினால் மட்டும் லேசாகக் கேட்கிறது.