தோட்டப் பள்ளியிலிருந்து ஐந்தாம் படிவம் வரை

கோலாலம்பூரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியராக இருக்கிறேன். ஐந்தாம் படிவத்தின், அதாவது பள்ளிப் படிப்பின் பதினொன்றாம் ஆண்டின், முடிவில் வரும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வை எழுதப் போகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அடுத்து என்ன என்று பேசுவதுதான் வேலை. என் மேசையில் கிடக்கும் மாணவர் விவரப் படிவத்தில் அப்பா தொழில், அம்மா தொழில், குடும்ப வருமானம் என்று கட்டங்கள் உண்டு. மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் என் கண் அங்கேதான் போகும். லாரி ஓட்டுநர், பாதுகாவலர், துப்புரவு வேலை. தாத்தாவுக்கும் ஒரு கட்டம் இருந்திருந்தால், பலருக்கு அதில் பால்மரம் வெட்டு, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் வேலை என்றுதான் இருந்திருக்கும்.

மலேசியத் தமிழர்களான நம் ஆட்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நம்மவர்களே சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரப்பருக்கு ஆள் வேண்டும், குடும்பத்தோடு வந்தால்தான் ஆள் தங்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால் தாயும் விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போவாள். பல தோட்டங்களில் கிராணியோ (தோட்டக் குமாஸ்தா) கங்காணியோதான் (ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்) வாத்தியார். எழுத, படிக்க, கூட்ட, கழிக்க. அதற்கு மேல் போக வழியே வைக்கவில்லை. அதே ஆட்சியில்தான் பட்டணத்தில் 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடம் போன்ற ஆங்கிலப் பள்ளிகள் அலுவலகங்களுக்குக் குமாஸ்தாக்களைத் தயார் செய்தன. தோட்டத்துக்கு ஒரு படிப்பு, அலுவலகத்துக்கு ஒரு படிப்பு. எந்தப் பிள்ளைக்கு எது என்பதை அவன் அறிவு முடிவு செய்யவில்லை.

கல்வி பற்றிய 1956இன் ரசாக் அறிக்கைக்குப் பிறகு தமிழ்ப்பள்ளி தேசியக் கல்வி முறைக்குள் வந்தது. அது பெரிய விஷயம். அப்புறம் 1969 இனக் கலவரம், 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை. ஏழ்மையை ஒழிப்பது அதன் முதல் இலக்கு. ஆனால் தோட்டத்து ஏழ்மை அந்தக் கணக்கில் சரியாக விழவே இல்லை என்பது என் எண்ணம். தோட்டங்களோ ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறின. கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கம் இருக்கும் வட்டாரமே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். அங்கிருந்து கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து என் அறைக்கு வருகிறார்கள்.

அண்மையில் நல்ல தேர்ச்சி பெற்ற ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், மெட்ரிகுலேஷன் கிடைக்கலன்னா என்ன செய்றது?" மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகத்துக்கு முன் அரசு நடத்தும் படிப்பு. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும். 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024இல், பத்து ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உண்டு என்றார்கள், வரவேற்கிறேன். இவளுக்கு ஏழு ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போக இன்னொரு வழியான ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். படிக்கலாம், செலவும் குறைவு. ஆனால் மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும், இது ஒன்றரை ஆண்டு. அந்தக் கூடுதல் ஆறு மாதத்தை அவள் வீட்டு வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தாள். அண்ணன் ஏற்கெனவே படிப்பை விட்டு உணவு விநியோகம் செய்கிறான்.

முயற்சி செய், முன்னேறலாம் என்று மட்டும் இவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கதவு யாருக்காக வைக்கப்பட்டது, எந்த உதவிநிதிக்கு எப்போது மனு போட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதையும் ஐந்தாம் படிவத்தில் சொன்னால் தாமதம். மூன்றாம் படிவத்திலேயே பெற்றோரை அழைக்கிறேன். வார நாளில் அவர்களால் வர முடிவதில்லை. அதனால் கூட்டத்தை ஞாயிறு மாலை, அவர்கள் குடியிருப்பின் மண்டபத்திலேயே வைக்கிறோம்.