திறந்த ஜன்னலின் கணக்கு

கட்டட ஒலியியல் என்றால் ராமநாதபுரம் பக்கம் பலருக்கும் மைக் செட் தொழில்தான் ஞாபகத்துக்கு வரும். இல்லை, சிவில் துறையில் பாடம் நடத்துகிறேன், கட்டடத்துக்குள் ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்கிறேன் என்று விளக்கினால், "அப்ப நம்ம கல்யாண மண்டபத்துல எக்கோ அடிக்குதே, அதுக்கு ஒரு வழி சொல்லுங்க சார்" என்பார்கள். நியாயமான கேள்விதான். இந்தத் துறையே அப்படி ஒரு புகாரில்தான் பிறந்தது.

1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. ஊர் அடங்கிய ராத்திரிகளில் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். ஒலி உறிஞ்சலை அளக்கப் பிற்பாடு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே திறப்பின் உறிஞ்சல் எண், அதாவது மேலே விழும் சத்தத்தில் விழுங்கப்படும் பங்கு, முழுசாக ஒன்று.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கடலோரப் பள்ளிகள்தான் கண்முன் வரும். கான்கிரீட் கூரை, பூசிய சுவர், சிமெண்டுத் தரை. புயலுக்குத் தாங்கும், சத்தத்தை விழுங்காது. ஏறத்தாழ 140 கன மீட்டர் வகுப்பறை ஒன்றைப் பூட்டிவைத்துக் கணக்குப் போட்டால் எதிரொலிப்பு நேரம், அதாவது சத்தம் அடங்க ஆகும் நேரம், 4 விநாடியைத் தாண்டும். சிறிய வகுப்பறைக்கு அமெரிக்கத் தரம் கேட்பது 0.6 விநாடி. அதே அறையில் நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்து, நாலு சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்துவிட்டால் ஒரு விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். நேரில் அளக்க நாங்கள் பலூன் உடைத்து, அந்தச் சத்தம் அடங்கும் நேரத்தைப் பார்ப்போம். முதல் பலூன் வெடித்ததும் பக்கத்து வகுப்புகள் காலியாகி மொத்தப் பள்ளியும் வாசலில் நிற்கும். அப்புறம் அமைதி எங்கே, அளவீடு எங்கே!

சிக்கல் என்னவென்றால், சத்தத்தை வெளியே அனுப்பும் அதே ஜன்னல்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையை உள்ளே அழைத்துக்கொண்டு வருகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 45 டெசிபலுக்கு மேல் தடுக்கும். சுவரின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 10 டெசிபலுக்கு இறங்கிவிடும். சுவரை இரட்டிப்பாகக் கட்டினாலும் அதே 10தான். பேருந்து ஏர் ஹாரன் அடித்தால் டீச்சர் வாக்கியத்தின் பாதியில் நின்று, காத்திருந்து, மறுபடி ஆரம்பிப்பார். இது சராசரி எண்ணில் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் கட்டுரைகளுக்கு வந்த மதிப்புரைகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: ஜன்னல் மூடிய நிலையில் எடுத்த அளவீடு எங்கே? சித்திரை வெயிலில் இங்கே ஜன்னலை மூடிவிட்டு யார் பாடம் நடத்துவது? ஒலித்தடுப்பு பற்றிய பாடநூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதியவை. உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல், தூங்கும் அறைக்குள் 30 டெசிபல், வெளியே 45 என்கிறது. பாதி திறந்த ஜன்னல் 15 டெசிபல் குறைக்கும் என்பது அதன் அனுமானம். நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 என்றே சொல்கின்றன. கோடையில் மொட்டை மாடியிலும் திண்ணையிலும் படுப்பவருக்கு அந்த 15 எங்கிருந்து வரும்? என் ஆராய்ச்சி வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த ஒரு கழித்தலோடு மல்லுக்கட்டியே போயிற்று.

களத்தில் உப்புக்காற்று வேறு. மைக்ரோபோனில் ஈரம் இறங்கினால் மீட்டர் பொரிகிற மாதிரி சடசடக்கும். காற்று நேராக அடித்தால் பஞ்சுறையையும் மீறி எண் ஏறும். அதனால் மாணவர்களிடம் நான் கறார்: அளப்பதற்கு முன்னும் பின்னும் 94 டெசிபல் ஒலி எழுப்பும் அளவுத்திருத்தக் கருவியை மாட்டிப் பார்க்காதவர்களின் தரவைத் தொடமாட்டேன்.

இன்னொன்று, 'ஏ' எடை: காதுக்குக் கேட்கிற மாதிரியே காட்ட, தாழ்ந்த சுருதிகளை மீட்டர் குறைத்துக் கணக்கிடும் முறை. 63 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து இது 26 டெசிபலைக் கழித்துவிடும். விடியற்காலையில் டீசல் எஞ்சின் வைத்த நாட்டுப்படகுகள் கிளம்பும்போது நெஞ்சில் இடிக்கிற அந்தத் 'தடதட' மீட்டரில் சாதுவாகத்தான் தெரியும். "பெட்டி கொறைச்சுச் சொல்லுதே தம்பி, எஞ்சின் பக்கத்துல ஒரு வருசம் ஒக்காந்து பாரு" என்றார் மண்டபம் ஊர்ப் பெரியவர் ஒருவர். அவருடைய காதுக்கு நான் இரண்டு முறை சத்தமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஜன்னலை மூட முடியாது என்று ஒத்துக்கொண்டால் மிச்சமிருப்பது கூரை. உள்ளூரில் கிடைக்கும் தென்னை நாரை அழுத்திப் பலகையாக்கி, கூரைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட்டு ஒரு பள்ளியில் மாட்டினோம். இடைவெளி இல்லாவிட்டால் தாழ்ந்த சுருதிகளை அது கண்டுகொள்ளாது. சாலை இரைச்சல் நிற்கவில்லை. உள்ளே வந்தது சுற்றிச் சுற்றி வராமல் சீக்கிரம் அடங்கியது, அவ்வளவுதான். "பின் பெஞ்சுல கிசுகிசுக்கிறதுகூட இப்ப எனக்குக் கேக்குது சார்" என்றார் தலைமையாசிரியை. கையோடு சத்துணவுக் கூடத்தின் தகரக் கூரையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழை பிடித்ததும் போக வேண்டும். அதைக் கொட்டுகிற மழையில்தான் அளக்க முடியும்.