லானோ குத்தகை நிலத்தில் டிரெயில் கேமராக்கள்: ஒரு வருட அனுபவம்

போன வருடம் செப்டம்பர் கடைசி வாரம். வில்வேட்டை சீசன் தொடங்க ஒரு வாரம்கூட இல்லை. மானுக்குத் தீனி போடும் ஃபீடரில் மக்காச்சோளம் நிரப்பப் போனேன். விலங்கு அசைந்தால் தானாகப் படமெடுக்கும் டிரெயில் கேமரா கட்டியிருந்த ஓக் மரத்தில் அறுந்த நாடா மட்டும் தொங்கியது. கேமரா போனதைவிட உள்ளே இருந்த எஸ்டி கார்டு போனதுதான் எனக்கு வலித்தது. ஒரே ஆண் மான், எட்டு முனைக் கொம்பு. ஜூலையில் கொம்பு வெல்வெட் என்ற மென்தோல் மூடி வளர்ந்ததிலிருந்து செப்டம்பரில் அந்தத் தோல் உரிந்து விழுந்தது வரை அந்தக் கார்டில்தான் இருந்தது.

இடம் ஆஸ்டினிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரப் பயணம், லானோ கவுண்டி. டெக்சாஸில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியாருடையது. அதனால் வேட்டைக்குப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நிலக்காரரிடம் ‘டீர் லீஸ்’ எடுப்பார்கள். நம் ஊர் தோப்புக் குத்தகை மாதிரிதான். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 160 ஏக்கர் எடுத்திருக்கிறோம்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். இரும்புப் பெட்டி, 8 மில்லிமீட்டர் கேபிள் பூட்டு. பெட்டியை ஓக் மரத்தில் நீளத் திருகாணிகளால் முடுக்கப் போனபோது நிலக்காரப் பெரியவர் ஓடி வந்து தடுத்தார். இந்தப் பகுதியில் ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் இருக்கிறது. மரத்தில் புதுக் காயம் பட்டால் சாறு குடிக்க வரும் சிறு வண்டுகள் பூஞ்சையைக் கொண்டுவந்துவிடும். அப்புறம் வேர் வழியாகவே பக்கத்து மரங்களுக்கும் பரவும். ஒரு மரத்தில் ஆரம்பித்து ஒரு தோப்பே காய்ந்துபோகும். பிப்ரவரி முதல் ஜூன் வரைதான் மிக ஆபத்தான காலம் என்றாலும், எந்த மாதமானாலும் காயத்துக்கு உடனே பெயின்ட் பூசச் சொல்கிறார்கள். நூறு வயது மரத்தில் என் கேமராவுக்காக ஓட்டை போடுவது சரியில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். அதன்பிறகு எல்லாவற்றையும் செடாருக்கு மாற்றினேன். இங்கே செடார் என்று சொல்வது உண்மையில் ஒரு வகை ஜூனிபர். தண்டு முறுக்கிக்கொண்டு பல கிளையாகப் பிரிந்திருக்கும். திருகாணி சரியாக உட்காராது, கேபிள் நன்றாக உட்காரும்.

நவம்பரில் பெட்டிக்குச் சோதனை வந்தது. யாரோ கல்லால் லென்ஸை உடைத்திருந்தார்கள். பூட்டு அப்படியே இருந்தது, கேமராவும் பெட்டிக்குள்தான் இருந்தது. ஆனால் உடைந்த கேமராவைப் பத்திரமாக வைத்திருந்து என்ன செய்வது? பூட்டு திருடனைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கண்ணில் படாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

சரி, உயரத்துக்குப் போனேன். ஏணி வைத்து பத்தடியில், பின்பக்கம் ஒரு மரத்துண்டைச் செருகி, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டினேன். நடக்கிறவர்கள் பார்வை தரையிலும் எதிரிலும்தான் இருக்கும், தலைக்கு மேல் அபூர்வமாகத்தான் போகும். ஆனால் முதல் இரண்டு வாரம் படமே சரியாக விழவில்லை. இந்தக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட வேறு சூட்டில் ஏதாவது அசைந்தால்தான் விழிக்கும். மேலிருந்து சாய்த்தால் அந்த உணர்வுப் பரப்பு தரையில் சின்ன இடமாகச் சுருங்கிவிடுகிறது. மகனை மான் உயரத்துக்குக் குனிந்து நடக்கச் சொல்லி, திரும்பத் திரும்பப் படமெடுத்துப் பார்த்துச் சரிசெய்தேன். மரத்தடியிலிருந்து 20, 25 அடி தள்ளி உள்ள தரையைக் குறிவைத்தால் நன்றாக விழுகிறது. ஆகஸ்ட் வெயிலில் வெளிச்சூடும் உடம்புச்சூடும் நெருங்கிவிடுவதால் இதிலும் தவறவிடும். அதனால் கோடையில் கொஞ்சம் இறக்கிக் கட்டுகிறேன்.

இரவு வெளிச்சம் முக்கியம். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு பல்புகள் நெருப்புத் துண்டு போல மங்கலாகச் சிவந்து தெரியும். ஆள் வந்தால் கேமரா எங்கே என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது. தூரம் குறையும், படம் கொஞ்சம் மங்கும். மானுக்கு மட்டும் என்றால் 850 வாங்கலாம், ஆள் பார்க்க என்றால் 940தான்.

லென்ஸ் உடைந்த கேமராவைத் தூக்கிப் போடவில்லை. பூட்டைக் கழற்றிவிட்டு, ஃபீடர் பக்கத்தில் கண் உயரத்தில் தூண்டில் மாதிரி விட்டேன். அதைப் பார்த்தபடி, பத்தடி உயரத்தில் ஒரு செல்லுலார் கேமரா, 940 வகை. படம் எடுத்தவுடனே போனுக்கு வந்துவிடும் என்பதால் கேமராவே போனாலும் படம் போகாது. ஓடைப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காமல், ஆன்டெனாவுக்கு நீளமான கேபிள் போட்டு மேட்டுக் கிளையில் கட்டவேண்டியிருந்தது.

டிசம்பர், சனிக்கிழமை இரவு 11 மணிக்குப் போன் அதிர்ந்தது. டார்ச்சோடு இரண்டு பேர், ஒருவர் கை பழைய கேமராவின் மேல். உடனே காரை எடுக்கத்தான் மனம் துடித்தது. போகவில்லை. இருட்டு, அவர்களிடம் துப்பாக்கி இருக்கலாம். நிலக்காரரைக் கூப்பிட்டேன், அவர் கேம் வார்டனை, அதாவது வேட்டைச் சட்டங்களைக் கவனிக்கும் அதிகாரியைக் கூப்பிட்டார். யாராக இருந்தாலும் இதையே செய்யச் சொல்வேன். ஒரு கேமராவுக்காக ஆளோடு நேருக்கு நேர் நிற்க வேண்டியதில்லை.

படங்களை வரிசையாகப் பார்த்தபோது கிடைத்த விஷயம்தான் இந்த வருடத்தின் பெரிய லாபம். அவர்கள் கேட் வழியாக வரவே இல்லை. ஓடைப் பக்கமிருந்து வந்திருக்கிறார்கள். டெக்சாஸில் சராசரியாக 30 அடி அகலமுள்ள ஆற்றுப்படுகையில் பொதுமக்கள் நடக்கலாம், லானோ ஆறும் அப்படித்தான். ஆற்றில் நடந்து வருகிறவர் எங்கள் சின்ன ஓடைக்குள் திரும்பினால், எங்கே பொது இடம் முடிந்தது என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஓடையைக் கடக்கும் வேலி 2018 அக்டோபர் வெள்ளத்தில் போனது என்றார் பெரியவர். கிங்ஸ்லேண்டில் பாலத்தையே அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. அதன்பிறகு இரண்டு கம்பி மட்டும் இழுத்துக் கட்டியிருந்தார்கள், அதுவும் தொய்ந்து கிடந்தது. நான் இத்தனை நாளாகப் பெட்டி, பூட்டு என்று அலைந்தேன். வழி அங்கே திறந்தே கிடந்திருக்கிறது.

ஜனவரியில் நான்கு பேரும் இரண்டு வார இறுதி அங்கேயே இருந்தோம். ஓடைக்குக் குறுக்கே வடம் கட்டி, அதிலிருந்து கம்பித் தட்டிகளைத் தொங்கவிட்டோம். வெள்ளம் வந்தால் தட்டி மேலே தூக்கி வழிவிடும், வடிந்ததும் இறங்கிவிடும். அடுத்தது ஊதாப் பெயின்ட். இந்த மாநிலச் சட்டப்படி ஊதாக் கோடு, ‘நுழையாதே’ பலகைக்குச் சமம். கோடு செங்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம், அடிமுனை தரையிலிருந்து 3 முதல் 5 அடிக்குள். மரங்கள் அடர்ந்த இடத்தில் 100 அடிக்கு மிகாமல் ஒன்று, திறந்தவெளியில் 1,000 அடிக்கு ஒன்று. பலகையைப் பிடுங்கிப் போட்டுவிடலாம், கோட்டை எப்படிப் பிடுங்குவது? ஓக் மரத்துக்கும் காயமில்லை. குத்தகைக்காரர்கள் தாமாகப் பூசக்கூடாது என்று நினைத்து, பெரியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம்.

இப்போது அக்டோபர். ஐந்து கேமராக்கள் இருக்கின்றன, ஒன்றும் போகவில்லை. எல்லாவற்றின் சீரியல் எண்ணையும் படமெடுத்து வைத்திருக்கிறேன், கடவு எண்ணும் போட்டாயிற்று. பாட்டரி லித்தியம்தான், அல்கலைன் கசிந்து ஒரு கேமராவைக் கெடுத்தது.

மேற்கு மூலை கேட்தான் பாக்கி. அங்கே பத்தடி உயர மரமே இல்லை, எல்லாம் முட்புதரும் கருங்கல்லும். கேட்டைப் பார்த்தபடி, முழங்கால் உயரத்தில், புதருக்குள் ஒரு கேமராவை வைத்திருக்கிறேன். வெயிலில் சூடான புல் அசைந்து நேற்று மட்டும் 312 வெற்றுப் படங்கள். சனிக்கிழமை அரிவாளோடு போய் முன்னால் உள்ள புல்லை அறுத்து, முகத்தை வடக்கே திருப்பிப் பார்க்கவேண்டும்.