ஹடீடா பறவையும் ஒரு லினோலியத் துண்டும்

ஊரில் இருந்தவரை சிறுபத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் வரைந்து கொடுத்தவன் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்தபிறகு அது மெல்ல நின்றுபோனது. வேலைப்பளு என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் நேரம் இருக்கத்தான் செய்தது. நோட்டைத் திறப்பேன், எதை வரைவது என்று யோசிப்பேன். தோன்றுவதெல்லாம் யாரோ ஏற்கெனவே வரைந்ததாகப் படும், மூடிவிடுவேன். அப்புறம் மற்றவர்கள் வரைகிற வீடியோக்களில் ராத்திரி போய்விடும். அதில் கிடைக்கிற திருப்தி பொல்லாதது. நாமே ஏதோ செய்து முடித்த களைப்பு வந்துவிடும்.

சரி, பென்சிலையே தொடவேண்டாம், வேறு ஏதாவது செய்வோம் என்று, லினோலியத் துண்டைச் செதுக்கி, செதுக்காத மேட்டில் மை தடவி அச்செடுக்கிற லினோகட் பக்கம் போனேன். குவாசுலு-நட்டாலில் இருந்துகொண்டு லினோகட் கண்ணில் படாமல் இருக்காது. ஸ்வீடனிலிருந்து வந்த பேடர், உல்லா கோவேனியஸ் தம்பதி 1962இல் தொடங்கிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலை, கைவினை மையம் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. பைபிள் கதைகளை ஆப்பிரிக்க முகங்களோடு செதுக்கிய அசரியா ம்பாதா, படத்துக்குள்ளேயே வாக்கியங்களை வெட்டி எழுதிய ஜான் முவாஃபாங்கேஜோ போன்றவர்களின் பெயர்கள் அந்த மையத்தோடு சேர்ந்தவை. அங்கே நெசவும் உண்டு. முழுப் படத்தையும் முன்கூட்டியே வரைந்து வைக்காமல் தறியில் உட்கார்ந்தபடியே உருவங்களை யோசித்து நெய்வார்களாம். லினோகட்டைவிட இந்தச் செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. யோசனை முதலில், வேலை பிறகு என்ற வரிசையை யார் போட்டது?

சாமான்கள் கொஞ்சம்தான். சணல் துணி முதுகு கொண்ட பழுப்பு லினோலியம், ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து செய்வது. வி வடிவ உளி ஒன்று, யு வடிவத்தில் அகலமும் குறுகலுமாக இரண்டு. ரப்பர் உருளை, கறுப்பு மை, மையைப் பரப்ப ஒரு கண்ணாடித் துண்டு. அச்சு இயந்திரம் கிடையாது, மரக்கரண்டியின் முதுகுதான். இன்னும் நல்ல உளி வாங்கலாமா என்று கடைப் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டேன். அது வீடியோ பார்ப்பதன் தம்பி.

முதல் துண்டில் படமே இல்லை. உளிகள் என்னென்ன தடம் விடும் என்று மட்டும் பார்த்தேன். நீளக் கோடு, குத்து, சுழி, ஒன்றன் மேல் ஒன்று குறுக்குக் கோடு. ஜூன் மாதத்துக் காலைக் குளிரில் லினோ விறைப்பாக இருக்கும். சிறிது நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் உளி இழுக்காமல் ஓடுகிறது. வளைவு வெட்டும்போது உளியை வளைக்காமல் துண்டைத் திருப்பவேண்டும். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிற பாடம்தான். பென்சிலில் இல்லாத விஷயம், வெட்டியதை அழிக்க முடியாது. கோடு பிடிக்கவில்லை என்றால் அடுத்த கோட்டை அதற்கு ஏற்றமாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும். என்னைப் போல ஒரு கோட்டுக்கு நாலு தடவை ரப்பர் தேய்க்கிறவனுக்கு இது பெரிய விடுதலை.

மை தடவி அச்செடுத்துப் பார்த்தபோது ஒரு மூலையில் நெருக்கமாக விழுந்த சிறு குத்துகள் இறகு மாதிரித் தெரிந்தன. எந்தப் பறவைக்கு இது பொருந்தும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் கூரைமேல் நின்று ஊரை எழுப்புகிற ஹடீடா, இந்த ஊர் அரிவாள்மூக்கன். நாளெல்லாம் புல்தரையில் மூக்கை விட்டுப் புழு தேடும். இத்தனை காலம் திட்டிக்கொண்டே இருந்ததில் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

இரண்டாவது துண்டு ஹடீடாவுக்கு. உடல் சாம்பல் கலந்த பழுப்பு. வெளிச்சம் பட்டால் சிறகில் பச்சை மினுக்கும். கறுப்பு வெள்ளையில் மினுக்கத்தை எப்படிக் காட்டுவது? வி உளியால் மெல்லிய கோடுகளை ஒரே திசையில் நெருக்கி வெட்டி, நடுவில் ஒரு கீற்றை மட்டும் வெட்டாமல் கறுப்பாக விட்டேன். கீற்று இருக்கிற இடத்தைப் பொறுத்து சிறகு பளபளக்கிறது, அல்லது அழுக்காகத் தெரிகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே சிறகை மட்டும் தனித் துண்டுகளில் திரும்பத் திரும்ப வெட்டினேன். எதை வரைவது என்ற கேள்வி எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை.

அச்செடுப்பதில் ஒன்று சொல்லவேண்டும். உருளையில் மையின் அளவைக் காதால்தான் பிடிக்க முடிகிறது. சரியான அளவில் மெல்லிய சரசரப்பு, அதிகமானால் சப்புக்கொட்டுகிற சத்தம். முதல் ஓரிரு தாள்கள் வெளிறித்தான் வரும், லினோ மை குடிக்கிறது. கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, போதாத இடத்தில் மறுபடி தேய்க்கலாம். வெட்டி எடுத்த வெற்றிடத்தில் மீந்த மேடுகளும் கொஞ்சம் மை பிடித்துச் சிதறல் கோடுகளாக விழும். பலர் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். நான் விட்டுவிட்டேன். அவை இல்லாத பறவை அருங்காட்சியகத்தில் நிற்கிறமாதிரி இருக்கிறது.

கராஜில் கயிறு கட்டித் தாள்களைக் கிளிப்பில் மாட்டியிருந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சு முழுக்க ஆங்கிலம், "தம்பி" மட்டும் தமிழ். உலகத்தில் வேறு பறவையே கிடைக்கவில்லையா தம்பி, காசு கொடுத்தாலும் இதை மாட்டமாட்டேன் என்றார். பிறகு, தீபாவளிக்கு வாழ்த்து அட்டை செய்துதர முடியுமா, தமிழில் எழுத்து வேண்டும் என்று கேட்டார்.

இப்போது அந்த வேலைதான் ஓடுகிறது. எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிகிறபடி வெட்டவேண்டும். மெல்லிய தாளில் எழுதி, கவிழ்த்து, கீழே கார்பன் வைத்துப் படியெடுக்கிறேன். 'தீபாவளி'யை இடமிருந்து வலமாக வெட்டினால், அச்சில் வலமிருந்து இடமாக விழும். துணைக்காலும் மேல்விலங்கும் கைக்கு அந்நியமாக இருக்கின்றன. விளக்கு ஒரு துண்டில், எழுத்து தனித் துண்டில், இரண்டு நிறம். தாள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் உட்கார அட்டையில் மூலைச் சட்டம் ஒட்டியாயிற்று. எண்ணெய் மை இந்தக் கடலோர ஈரக் காற்றில் நாள்கணக்கில் காயாமல் கிடக்கும், அதனால் சிவப்பை ஆகஸ்டிலேயே அடித்துவிடவேண்டும். அக்கா எத்தனை அட்டை வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை. அவர் குடும்பம் பெரியது, தாள் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.