நச்சுப் பட்டியலிலிருந்து நீங்கிய நிக்கோட்டின்

நேற்று மாலை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத ஒரு சிறுவன், விரல் நீளமே உள்ள வேப் (மின்சிகரெட்) கருவியைச் சட்டைக் கைக்குள் மறைத்து இழுத்தான். மாம்பழ மணம் எங்கள் மேசை வரை வந்தது.

2023 மார்ச் 31 அன்று, வரி விதிப்பதற்கு வழிசெய்து, வேப் திரவத்திலுள்ள நிக்கோட்டினை 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பிடியிலிருந்து அரசாங்கம் விடுவித்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்னும் 852ஆவது சட்டமோ (புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம்) 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் எத்தனை பிள்ளைகள் பழகியிருப்பார்கள்? 2007 முதல் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருள் விற்பனையையே தடுக்கவிருந்த பிரிவு அந்தச் சட்டத்தின் மசோதாவிலிருந்து கழற்றப்பட்டதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

பக்கத்து வேப் கடைக்காரரிடம், வயது கேட்பீர்களா என்றேன். "எல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்கதானே அண்ணே" என்றார்.