ரெஸ்யூமே: இன்டர்வியூவுக்கு நீங்களே எழுதித் தரும் கேள்வித்தாள்

ஃப்ரெஷர் இன்டர்வியூவில் கேள்வி கேட்க வருகிறவர் பெரிய தயாரிப்போடு வருவார் என்று நினைக்காதீர்கள். நானும் அந்த நாற்காலியில் உட்காருகிறவன்தான். காலையில் ஹெச்.ஆர். ஒரு கட்டு ரெஸ்யூமேயைக் கையில் கொடுப்பார். எதிரில் இருப்பவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்ப்பேன். கண்ணில் எது பட்டதோ அதிலிருந்து முதல் கேள்வி. ஆக, கேள்வித்தாள் உங்களுடையதுதான். பதில் தெரியாத கேள்வியை நீங்களே ஏன் எழுதித் தர வேண்டும்?

'பைத்தான், ஜாவா, சி, எஸ்.க்யூ.எல்., கிளவுட், ஏ.ஐ.' என்று ஒரே வரியில் அடுக்கியிருப்பார்கள். கிளவுடில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஒருநாள் ஒர்க்‌ஷாப் போனேன் சார்" என்று பதில் வரும். ஐந்து நிமிடம் பேச முடியாத எதையும் எடுத்துவிடுங்கள். பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் மட்டும் மிஞ்சினால் குறைவில்லை. நான் அந்த இரண்டில்தான் கேட்பேன், நீங்களும் பதில் சொல்வீர்கள்.

அடுத்தது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். முகம் பார்த்து வருகைப்பதிவு போடும் மென்பொருளை எத்தனை ரெஸ்யூமேயில் பார்த்துவிட்டேன்! ப்ராஜெக்ட் செய்து விற்கும் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதா, சொந்தமாகச் செய்ததா என்பது தலைப்பில் தெரியாது. அதற்குக் கீழே வரும் வரியில் தெரியும். 'நான்கு பேர் குழு. மாணவர் படங்களைச் சேகரித்துப் பிரித்தது என் வேலை. ஜன்னலோர வெளிச்சத்தில் முகம் பிடிபடாததால் படங்களை மறுபடி எடுத்தோம்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்த ஜன்னலைப் பற்றித்தான் நான் கேட்பேன். அவரும் உற்சாகமாகப் பேசுவார். ப்ராஜெக்ட் தோற்றுப்போயிருந்தாலும் பரவாயில்லை.

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு மட்டும் இல்லை இது. விருதுநகர் பக்கத்திலிருந்து பி.காம். முடித்த ஒரு தம்பி, கணக்குப் பிரிவு வேலைக்காக ரெஸ்யூமே அனுப்பியிருந்தான். அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை'. பேசிப் பார்த்தால், மூன்று வருடமாக அப்பாவின் பருப்பு மொத்தக்கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடுவதே அவன்தான். "நம்ம சொந்தக் கடைதானேண்ணா, அதைப்போய் எழுதலாமா?" என்றான். எழுதாமல்? இருவருமாக உட்கார்ந்து இப்படி மாற்றினோம்: 'குடும்ப வணிகம், பகுதிநேரம். கொள்முதல், விற்பனை பில்களை டேலியில் பதிவு செய்தல், வெளியூர்க் கடைகளின் நிலுவைப் பட்டியல் வாராவாரம் எடுத்தல், ஜி.எஸ்.டி.ஆர்.-1க்கான விற்பனை விவரத்தை மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கலாகும்படி ஆடிட்டர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அனுப்புதல்.' சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது வேலை இல்லை என்றாகிவிடாது. 'குடும்ப வணிகம்' என்ற சொல்லை மட்டும் விடக் கூடாது, அதில்தான் நேர்மை இருக்கிறது.

வெட்ட வேண்டியவை நிறைய. அப்பா பெயர், மதம், சாதி, திருமணமானவரா என்பதெல்லாம் தனியார் நிறுவனத்துக்குத் தேவையில்லை. அரசு விண்ணப்பத்தில் கேட்டால் அங்கே கொடுங்கள். மற்றபடி அவை ஜாதகத்தோடு போக வேண்டிய விவரங்கள். மேலே 'கெரியர் அப்ஜெக்டிவ்', கீழே 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற கையெழுத்து வரி, இரண்டையும் யாரும் படிப்பதில்லை. பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு என்பதும் வேண்டாம். மாவட்ட அளவில் கபடி ஆடியிருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு மாதிரி. ரெஸ்யூமேயில் சான்றிதழில் உள்ளபடியே போட்டுவிடுங்கள். வேலை கிடைத்தபின் சரிபார்க்கும்போது அலைச்சல் குறையும்.

டி.என்.பி.எஸ்.சி.க்கோ வங்கித் தேர்வுக்கோ படித்த வருடங்களை மறைக்கப் பார்க்கிறார்கள். ஏன்? '2023–24: குரூப் 2 தேர்வுத் தயாரிப்பு' என்று ஒரே வரி போதும், முதல்நிலையில் தேறியிருந்தால் அதையும் சேர்க்கலாம். வெற்று இடம்தான் சந்தேகம் கிளப்பும். அரியரும் அப்படித்தான். கேட்கும் இடத்தில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், மார்க் ஷீட்டில் எப்படியும் தெரியும்.

'எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்' என்று சில கன்சல்டன்சிகள் வரும். பக்கத்திலேயே போகாதீர்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து எங்கே, எப்போதிலிருந்து எப்போதுவரை வேலை பார்த்தீர்கள் என்பதைப் பல நிறுவனங்கள் சரிபார்க்கின்றன. ஆஃபர் கைக்கு வந்தபின் அது ரத்தாவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இனிப்பு கொடுத்து முடித்திருப்பார்கள், பாவம்.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரெஷருக்கு ஒரு பக்கம். கேன்வா தளத்தில் கிடைக்கும், இடமும் வலமுமாக இரண்டு பத்தி பிரித்த டிசைன், திறமைக்கு நட்சத்திர மதிப்பெண் எல்லாம் வேண்டாம். பெரிய நிறுவனங்களில் முதலில் படிப்பது மென்பொருள். அது பத்திகளைக் கலந்துகட்டிப் படித்துவிடலாம். பி.டி.எஃப்.பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலையாமல் இருந்தால் சரி. வேலை விளம்பரத்தில் 'மேனுவல் டெஸ்டிங்' என்று இருந்து, அது உங்களுக்கு உண்மையிலேயே தெரியும் என்றால், அதே சொல்லைப் போடுங்கள். கோப்புக்கு 'ரெஸ்யூமே ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள்.

அப்புறம், ரெஸ்யூமேயில் கொடுத்த போன் எண்ணில் ரீசார்ஜ் இருக்கட்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், லோன் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று துண்டித்துவிடாதீர்கள். அந்த ரெஸ்யூமே கட்டில் இன்னும் நிறையப் பேர் இருப்பதால் ஹெச்.ஆர். இரண்டாம் முறை கூப்பிடுவது அபூர்வம்.